எட்டியவரை: 'பெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் புழக்கமும்

உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு நிலவரத்துக்காக வெளியிட்ட கணக்கில், உலகில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 16.1 கோடிப் பேர். 2008இல் அதே நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை அந்தத் தொகையை 31.4 கோடி ஆக்கியது. இடைப்பட்ட காலத்தில் எந்தக் கொள்ளைநோயும் வந்து மனிதர்களின் கண்ணைப் பறித்துவிடவில்லை. வரையறையில் இருந்த ஒரு சொல் விலகியது, அவ்வளவுதான். அந்தச் சொல் 'பெஸ்ட்'.

முதல் கணக்கு எடுத்துக்கொண்டது 'பெஸ்ட் கரெக்டட்' பார்வையை. கண் மருத்துவமனையில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எதில் எழுத்து அதிகம் தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்களே, அந்த அளவு. அறுவை சிகிச்சை தேவையா, விழித்திரையில் கோளாறா என்று முடிவு செய்யும் மருத்துவருக்கு அதுதான் சரியான அளவு. ஆனால் அதே அளவை மக்கள்தொகைக் கணக்குக்குக் கொண்டுவந்தபோது, கண்ணாடி வாங்க வழியில்லாதவரும், தனக்குக் கண்ணாடி தேவை என்றே அறியாதவரும் பார்வை உள்ளவர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு இல்லாத கண்ணாடியைத் தாளில் மாட்டிவிட்டுப் பார்த்த கணக்கு அது. 2003இல் நிபுணர்கள் கூடி, ஒருவர் சோதனைக்கு வரும்போது எந்த நிலையில் வருகிறாரோ அதையே அளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். சொந்தக் கண்ணாடி இருந்தால் அதோடு, இல்லையென்றால் வெறுங்கண்ணோடு. அப்படிப் பார்த்தபோது, சரியான கண்ணாடி இல்லாத ஒரே காரணத்தால் பார்வை குறைந்தவர்கள் 15.3 கோடிப் பேர் வெளியே வந்தார்கள்.

நம்மில் பெரும்பாலோர் 'பெஸ்ட்' என்ற சொல்லை முதல் பரிசாகவே படிக்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் 'பெஸ்ட் ஸ்டூடண்ட்', கடைப் பலகையில் 'பெஸ்ட் குவாலிட்டி', தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு 'ஆல் தி பெஸ்ட்'. ஆனால் சட்டம், மருத்துவம், உணவு, வரி என்று வாழ்க்கை நேரடியாகச் சிக்கும் இடங்களில் ஆங்கிலம் இந்தச் சொல்லை வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. அங்கே அது உயரத்தைக் காட்டுவதில்லை. கை எட்டும் எல்லையைக் காட்டுகிறது. இந்த இரண்டு பொருளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வரும் இழப்புகள் உண்மையானவை. அதனால்தான் ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு நீளமான ஆய்வு தேவைப்படுகிறது.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று நாம் ஒப்பித்த மூன்றில் முதல் சொல்லுக்கும் மற்ற இரண்டுக்கும் வேர் உறவு கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அவை 'கோட்', 'பெடெரா', 'பெட்ஸ்ட்'. கடைசிச் சொல்லின் நடுவில் இருந்த வல்லெழுத்து நாக்கில் கரைந்து 'பெஸ்ட்' ஆயிற்று. ஜெர்மனில் 'குட், பெஸ்ஸர், பெஸ்ட்' என்றும், டச்சு, சுவீடிஷ் மொழிகளில் அதற்கு நெருங்கிய வடிவங்களிலும் இதே குடும்பம் வாழ்கிறது. 'பெட்டர்', 'பெஸ்ட்' இரண்டுக்கும் இரத்த உறவான இன்னொரு சொல் பழைய ஆங்கிலத்தில் இருந்தது: 'போட்'. ஈடு, பரிகாரம், பழுது நீக்கல் என்பது அதன் பொருள். இன்றும் 'அதற்கு மேலும்' என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் 'டு பூட்' என்ற தொடரில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, இந்தச் சொல்லின் சுற்றம் உச்சத்தைப் பற்றியதல்ல, குறையைச் சரிசெய்வதைப் பற்றியது. வேர்ப்பொருள் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது என்பதை மொழியியல் படித்த எவரும் சொல்வார்கள். இருந்தாலும், இன்றைய சட்டப் புழக்கத்தைப் பார்க்கும்போது பழைய உறவு அறுந்துபோகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே வரிசையில் வேறு வேர்ச் சொல் வந்து புகுவதை ஆராய்ந்தவர் ஜானதன் பாபல்ஜிக். 2012இல் வெளிவந்த தம் நூலில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் தரவைக் கொண்டு அவர் ஒரு விதியைக் காட்டினார். ஒப்பீட்டு வடிவம் வேர் மாறினால் உச்ச வடிவமும் மாறியே தீரும். 'குட், பெட்டர், குடெஸ்ட்' என்பது போன்ற வரிசையை மனித மொழிகளில் காண முடிவதில்லை. அவர் தரும் விளக்கம் எளிது: உச்ச வடிவத்துக்குள்ளேயே ஒப்பீட்டு வடிவம் அடங்கியிருக்கிறது. பிரெஞ்சில் இது வெளிப்படையாகவே தெரியும். அங்கே 'மெய்யர்' என்றால் மேலானது. அதன் முன்னால் 'ல' என்ற சுட்டைச் சேர்த்தால் மிக மேலானது. தனி உச்ச வடிவமே கிடையாது. இது இலக்கண நுணுக்கம் மட்டுமில்லை. எதையும் எதனோடும் ஒப்பிடாமல் 'பெஸ்ட்' என்று சொல்ல முடியாது என்பதற்குச் சொல்லின் உடம்பிலேயே இருக்கும் சாட்சி.

அந்தச் சொல்லின் ஈற்றில் உள்ள விகுதி நமக்கும் தெரிந்ததுதான். ஆங்கிலத்தின் இந்த விகுதியும் கிரேக்கத்தின் 'இஸ்டோஸ்' என்பதும் வடமொழியின் 'இஷ்ட' என்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. சிரேஷ்டம், ஜேஷ்டன், கனிஷ்டன், வசிஷ்டன் ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது அதுவே. உத்தமம், மத்திமம், அதமம் என்று பஞ்சாங்கம் பொருத்தம் பார்க்கிறதே, அந்த மூன்றும்கூட வடமொழியில் உச்ச வடிவங்கள்தாம்: மிக மேலே உள்ளது, நட்டநடுவில் உள்ளது, மிகக் கீழே உள்ளது. நம் காதில் அவை வெறும் தரப்பெயர்களாகிவிட்டன. உச்சச் சொற்களுக்கு இப்படித் தேய்ந்துபோகும் இயல்பு உண்டு. இலங்கைத் தமிழ் அரசுப் புழக்கத்தில் 'சிரேஷ்ட விரிவுரையாளர்' என்றால் மூத்த நிலையில் உள்ளவர், 'கனிஷ்ட' என்றால் இளநிலை. ஒரே துறையில் சிரேஷ்ட விரிவுரையாளர்கள் பத்துப் பேர் இருக்கலாம். வேத மொழியிலேயே 'சிரேஷ்டதம' என்று உச்சத்தின் மேல் உச்சம் ஏற்றிய வடிவம் காணப்படுகிறது. அப்போதே முதல் விகுதியின் வலு போதாமல் போய்விட்டது போலும்.

சொற்பொருளியல் நோக்கில் இந்தச் சொல்லுக்கு இரண்டு தேவைகள்: எந்தக் கூட்டத்துக்குள், எந்த அளவுகோலால். கூட்டத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன குழப்பம் வரும் என்பதை மொழியியலாளர் அன்னா சபோல்ச்சி 1986இல் எழுதிய கட்டுரை விரிவாக எடுத்துக்காட்டியது. 'யார் பெஸ்ட் பாட்டைப் பாடினார்?' என்ற கேள்வியை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகக் கொள்ளலாம். உலகிலுள்ள பாடல்களில் தலைசிறந்த ஒன்று இருக்கிறது, அதைப் பாடியவர் யார் என்பது ஒன்று. இன்று மேடையேறியவர்கள் பாடியவற்றில் யாருடைய பாட்டு மற்றவர்களுடையதை மிஞ்சியது என்பது இன்னொன்று. இரண்டாவது பொருளில், பாடப்பட்டவை எல்லாம் சுமாரான பாடல்களாக இருந்தாலும் ஒருவர் 'பெஸ்ட்' பாட்டைப் பாடியவராகிவிடுவார். விளம்பரக்காரர்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள்.

இரண்டே பொருள்கள் இருந்தால் 'பெட்டர்' என்றுதான் சொல்ல வேண்டும், 'பெஸ்ட்' என்பதற்கு மூன்றாவது தேவை என்று 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் விதி எழுதினார்கள். நம் பள்ளிகளிலும் அந்த விதி இன்னும் வாழ்கிறது. ஆங்கிலேயரோ அதைப் பெரிதாக மதித்ததில்லை. காலை எடுத்துவைக்கும்போதுகூட 'பெஸ்ட் ஃபுட்' என்றுதான் சொல்கிறார்கள், இருப்பது இரண்டே கால்கள் என்றாலும். இதைவிட விந்தை, 'பெஸ்ட்' வினையாக வரும்போது. 'டு பெஸ்ட்' என்றாலும் 'டு வர்ஸ்ட்' என்றாலும் எதிராளியைத் தோற்கடிப்பது என்று ஒரே பொருள்.

தமிழுக்கு உச்ச விகுதி கிடையாது. திராவிட மொழிகளில் பெயரடையோடு விகுதி சேர்த்து ஒப்பிடும் வழக்கம் இல்லை என்பதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்திலேயே பதிவு செய்திருக்கிறார். சிலர் இதைத் தமிழின் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு இது பலமாகவே படுகிறது. 'மலர்களில் தாமரை சிறந்தது', 'எல்லாரிலும் இவள் உயரம்', 'அவனைவிட இவன் கெட்டி' என்று சொல்லும்போது எந்தக் கூட்டத்தில் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் மறைக்க இடம் கொடுக்கும் கூட்டத்தைத் தமிழ் தொடரிலேயே நிறுத்திவைக்கிறது. நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று தரம் பிரிக்கிறது. 'தலை' என்ற ஒரே சொல் உச்சத்தையும் வரிசையையும் சேர்த்தே சொல்லிவிடும். செல்வங்கள் எல்லாவற்றுக்கும் தலையாகக் கேள்விச் செல்வத்தை வைக்கும் வள்ளுவரும் 'எல்லாவற்றிலும்' என்று கூட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வந்தது. 'பெஸ்ட்' என்பதற்கு 'மிகச் சிறந்த' என்று செய்தித்தாள்கள் ஒரு நேர்ச்சொல்லை நிலைநிறுத்திவிட்டன. 'மிகச் சிறந்த' என்றால் தமிழ்க் காதுக்கு 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்பதுதான். அதில் போட்டியும் இல்லை, கூட்டமும் இல்லை. உச்சம் வேண்டிய இடத்தில் அது குறைவாகச் சொல்கிறது. எல்லை வேண்டிய இடத்திலோ அளவுக்கு மீறிச் சொல்கிறது. 'மிகச் சிறந்த படங்களில் ஒன்று' என்ற தொடரையும் இப்படித்தான் வாங்கினோம். எத்தனை படங்களில் ஒன்று என்பதைச் சொல்லாமலே பாராட்டை முடித்துக்கொள்ள அது வசதியாக இருக்கிறது.

ஆனால் பேச்சுத் தமிழ் ஆங்கிலச் சொல்லின் எல்லைப் பொருளை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். 'டூ யுவர் பெஸ்ட்' என்பதை நாம் 'உன்னால் ஆனதைச் செய்' என்போம். 'அட் பெஸ்ட்' என்பதற்கு 'மிஞ்சிப்போனால்'. 'மேக் தி பெஸ்ட் ஆஃப் இட்' என்பதற்கு 'இருப்பதை வைத்து ஒப்பேற்று'. நீதிமன்றப் பிரமாண வாக்குமூலத்தின் அடியில் வரும் ஆங்கிலத் தொடர் தமிழில் 'என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்றாகிறது. இவற்றில் எதிலும் 'சிறந்த' என்ற சொல் தலைகாட்டவில்லை. ஆனது, மிஞ்சியது, இருப்பது, எட்டியது என எல்லாமே எல்லைச் சொற்கள்.

அந்த வாக்குமூலத் தொடரைச் சற்று நின்று பார்க்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளை, வாக்குமூலம் கொடுப்பவர் தாமே அறிந்து நிரூபிக்கக்கூடிய உண்மைகளையே சொல்ல வேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையையும் சொல்லலாம். அப்போது அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக 'பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்' என்று கையெழுத்திடுபவர் தம் அறிவின் சிறப்பைப் பறைசாற்றவில்லை. இதுவரைதான் எனக்குத் தெரியும், இதற்கு அப்பால் தெரியாது என்று வேலி போடுகிறார்.

வரித்துறை இதையே அதிகாரியின் பக்கம் திருப்புகிறது. வரிக்கணக்கும் ஆவணங்களும் தாக்கல் செய்யாதவருக்கு அதிகாரி தாமே வருமானத்தை மதிப்பிட்டு வரி விதிப்பதை 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 144ஆம் பிரிவில் 'பெஸ்ட் ஜட்ஜ்மெண்ட்' மதிப்பீடு என்று அழைத்தது. 2017இன் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்திலும் 62ஆம் பிரிவில் அதே தொடர் வருகிறது. முதல் முறை கேட்கும் வணிகர், உயர்ந்த நுண்ணறிவோடு செய்யும் தீர்ப்பு என்று நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது கணக்கேடு இல்லாத இருட்டில் செய்யும் மதிப்பீடு. 1937இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றுவரை அடிப்படை. அதிகாரி வஞ்சம் வைத்தோ மனம்போன போக்கிலோ செய்யக் கூடாது. அந்த ஊர் நிலவரம், அந்த வணிகரின் முந்தைய கணக்கு, தம் கையில் உள்ள செய்தி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதன் பின்னும் அதில் ஊகம் கலந்தே தீரும், ஆனால் அது நேர்மையான ஊகமாக இருக்க வேண்டும். உச்ச விகுதி கொண்ட ஒரு சட்டத் தொடருக்கு நீதிபதிகள் கண்ட பொருள் 'நேர்மையான ஊகம்' என்பது. இதைவிடப் பணிவான விளக்கத்தை எந்த அகராதியும் தந்துவிட முடியாது. ஒப்பந்தங்களில் வரும் 'பெஸ்ட் எண்டவர்ஸ்' என்ற தொடரும் இந்த வகையே. விளைவுக்கு உறுதி தராமல் முயற்சிக்கு மட்டும் உறுதி தருவது அது.

இனிக் கடைவீதிக்கு வரலாம். இங்கே சொல் முழுக்கப் பரிசாகவே அலைகிறது. அதனால் சட்டம் அதைக் காற்றடைத்த பேச்சாகக் கருதி நெடுங்காலம் விட்டுவைத்தது. 1999இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், ஒரு வணிகர் தம் சரக்கே உலகில் மிகச் சிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யாக இருந்தாலும் சரி, போட்டியாளரின் சரக்கை மட்டம் தட்டாமல் இருந்தால் போதும் என்ற கொள்கையைத் தொகுத்தது. அமெரிக்காவில் 2000இல், இரண்டு பீட்சா நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'மேலான பொருட்கள், மேலான பீட்சா' என்ற வகையிலான முழக்கம் தனித்து நிற்கும்போது அளக்க முடியாத பெருமைப் பேச்சு என்றே சொன்னது. ஒரு பண்டம் எவ்வளவு உறுதியாகத் தன்னைப் புகழ்கிறதோ அவ்வளவுக்குச் சட்டம் அதைக் குறைவாக நம்புகிறது.

எனக்கு இந்தக் கொள்கையில் உடன்பாடு இல்லை. பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடப் படித்த நீதிபதியால் முடியும். முதல் தலைமுறையாகப் பிள்ளையைப் பயிற்சி மையத்தில் சேர்க்கப் பணம் கட்டும் பெற்றோருக்கு 'நம்பர் ஒன்', 'பெஸ்ட் ரிசல்ட்' என்பவை செய்தி. அதனால்தான் 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்த நிலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு பற்பசை நிறுவனங்களுக்கு இடையில் வந்த வழக்கு அது. 'ஒரே', 'முதல்' என்று விளம்பரத்தில் வந்த சொற்களைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது. பொய்யாகவும் பெருமை பேசலாம் என்ற பழைய கொள்கையை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அப்படியே ஏற்க முடியாது என்றும் சொன்னது. வழக்கு இரு வணிகருக்கு இடையில் நடந்தாலும், மூன்றாவதாக ஒரு நுகர்வோர் நிற்கிறார் என்பதை அந்தத் தீர்ப்பு கண்டுகொண்டது. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் வைத்திருக்கிறது.

சீனா இன்னும் நேராகவே போனது. 2015 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்திய விளம்பரச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 'தேசியத் தரம்', 'உச்சத் தரம்', 'மிகச் சிறந்தது' போன்ற சொற்களை விளம்பரத்தில் பயன்படுத்துவதையே தடை செய்கிறது. அபராதம் 2 லட்சம் யுவானிலிருந்து 10 லட்சம் யுவான் வரை. நிரூபிக்க முடிந்தாலும் சொல்லக் கூடாது என்பது மிகை. கூட்டமும் அளவுகோலும் சொல்லாமல் சொல்லக் கூடாது என்ற அளவில் ஒரு விதி போதும்.

கடைவீதியிலேயே இன்னொரு 'பெஸ்ட்' இருக்கிறது, அதே பொட்டலத்தின் பின்பக்கத்தில்: 'பெஸ்ட் பிஃபோர்'. முன்பக்கச் சொல் விலையைக் கூட்டப் பார்க்கிறது. பின்பக்கச் சொல் பொறுப்பைக் குறைக்கப் பார்க்கிறது. அந்தத் தேதிவரை மணமும் சுவையும் மொறுமொறுப்பும் நாங்கள் சொன்னபடி இருக்கும் என்பதே உற்பத்தியாளர் தரும் வாக்கு. மறுநாள் காலையில் பிஸ்கட் நஞ்சாகிவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. நஞ்சாகக்கூடியவற்றுக்கு வேறு தொடர் உண்டு: 'யூஸ் பை'. இறைச்சி, மீன், பால் போன்றவற்றில் வரும் இந்தத் தேதியைக் கடக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமொழி 'பெஸ்ட் பிஃபோர்' தேதிக்கு வைத்த பெயர் 'குறைந்தபட்சத் தாக்குப்பிடிப்புத் தேதி'. மக்கள் கண்ணில் படும் உச்சச் சொல் சட்டத்தின் கண்ணில் குறைந்தபட்சம். இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும், இச்சொல்லின் இரட்டை வாழ்க்கையைப் புரிந்துகொள்ள.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுதோறும் வீணாகும் 8.8 கோடி டன் உணவில் 10 விழுக்காடு வரை தேதிக் குறிகளோடு தொடர்புடையது என்று ஐரோப்பிய ஆணையத்துக்காக 2018இல் செய்த ஆய்வு மதிப்பிட்டது. பிரிட்டனில் பெரிய அங்காடிகள் பல, காய்கனிகளின் மீதிருந்த 'பெஸ்ட் பிஃபோர்' தேதியையே எடுத்துவிட்டன. உருளைக்கிழங்கு கெட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கி, 'பெஸ்ட் பிஃபோர்' குறிப்பை விருப்பத்துக்கு விட்டன. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், பொட்டலமிடாத இனிப்புகளின் தட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதியை எழுதி வைக்கச் சொன்னது அதே ஆணையம். பால்கோவாவும் மைசூர்பாகும் அருகருகே இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் இந்த இரண்டு தேதிகளின் வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. பாலில் செய்தது கெட்டால் வயிற்றைக் கெடுக்கும், நெய்யில் பாகு வைத்தது நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். 'இந்தத் தேதிவரை சுவை மாறாது', 'இந்தத் தேதிக்குப் பிறகு உண்ணக் கூடாது' என்று தமிழில் இரண்டு வரி எழுதினால் வாங்குபவர்களுக்கு விளங்கிவிடும்.

விளையாட்டில் இந்தச் சொல் பெரும்பாலும் நியாயமாக நடந்துகொள்கிறது. அங்கே கூட்டமும் அளவுகோலும் முன்கூட்டியே வரையறுத்தவை. 'பெஸ்ட் ஆஃப் த்ரீ' என்றால் மூன்றில் இரண்டு வென்றவர்; அங்கே சொல்லின் பொருள் வெறும் பெரும்பான்மை. 'பெர்சனல் பெஸ்ட்' என்னும்போது கூட்டம் ஒரே ஆளாகச் சுருங்குகிறது: அவருடைய முந்தைய நாட்கள். ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவின் கணக்கு இதை நன்றாகக் காட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்ற எறிதல் 87.58 மீட்டர், அதே ஆண்டு மார்ச்சில் அவர் 88.07 மீட்டர் எறிந்திருந்தார். 2025 மே 16 அன்று தோஹாவில் 90.23 மீட்டர் எறிந்து தம் வாழ்நாள் உச்சத்தை எட்டினார். அன்று அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். ஜெர்மனியின் யூலியன் வெபர் 91.06 எறிந்துவிட்டார்.

பொருளாதாரத்தில் 1956இல் லிப்ஸியும் லங்காஸ்டரும் எழுதிய 'இரண்டாவது பெஸ்ட்' கோட்பாடு சொல்வதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். உச்ச நிலைக்குப் பல நிபந்தனைகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று நிறைவேறவே முடியாது என்றால், மீதமுள்ளவற்றை விடாமல் நிறைவேற்றுவது நம்மை உச்சத்துக்கு அருகில் கொண்டுபோகும் என்று எந்த உறுதியும் இல்லை. சில நேரம் தூரம் கூடவும் கூடும். எட்டாத உச்சத்தின் பாதையில் முக்கால் தூரம் நடப்பதும், எட்டக்கூடியதில் மேலானதைத் தேடுவதும் வெவ்வேறு பயணங்கள் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

புற்றுநோய் மருத்துவரின் குறிப்பில் 'பெஸ்ட் சப்போர்ட்டிவ் கேர்' என்று வரும்போது இந்த வேறுபாடு மிகவும் வலிக்கும். குடும்பத்தார் அதைப் படித்துவிட்டு, இருப்பதிலேயே உயர்ந்த சிகிச்சை கொடுக்கப் போகிறார்கள் என்று நம்பிவிட வாய்ப்பு உண்டு. அந்தத் தொடரின் பொருள், நோயைத் தாக்கும் மருந்து இனி இல்லை. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம் ஆகியவற்றைத் தணிப்போம் என்பது. அது சிறிய வேலையே அல்ல. நுரையீரல் புற்றுநோயில், தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்ச் சிகிச்சையோடு தணிப்புச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் நடுவெண்ணாக 11.6 மாதங்களும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்ததாக அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆனால் 'பெஸ்ட்' என்று எழுதிவிட்டு அதில் என்னென்ன அடங்கும் என்பதை மருந்து ஆய்வுகள் பலவற்றில் வரையறுக்காமலே விட்டிருக்கிறார்கள் என்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுந்த குறை. பொருளில்லாத உச்சச் சொல்லை நோயாளியின் தாளில் எழுதுவது தவறு. எது செய்வோம், எது செய்ய முடியாது என்று வீட்டாரின் மொழியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கடைசியாகக் குழந்தைகள். 1959இன் ஐ.நா. பிரகடனம் குழந்தையின் 'பெஸ்ட் இன்ட்ரஸ்ட்ஸ்' எல்லாவற்றுக்கும் மேலான கருத்தாக இருக்க வேண்டும் என்றது. 1989இன் உடன்படிக்கை 3ஆம் பிரிவில் அதை 'முதன்மையான ஒரு கருத்து' என்று தளர்த்தியது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. நம் பழைய சட்டங்களான 1890இன் காப்பாளர் சட்டமும் 1956இன் இந்து இளவர் சட்டமும் உச்ச விகுதி இல்லாமல் 'நலன்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டவை. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம்தான் 'பெஸ்ட் இன்ட்ரஸ்ட்' என்பதை வரையறைக்குள்ளும் அடிப்படைக் கொள்கைகளுக்குள்ளும் கொண்டுவந்தது.

இந்தத் தொடரை மிகக் கூர்மையாக எதிர்த்தவர்கள், குழந்தைகளை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள். சட்டப் பேராசிரியர் ஜோசப் கோல்ட்ஸ்டீன், உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட், குழந்தை மனநல மருத்துவர் ஆல்பர்ட் சால்னிட் மூவரும் 1973இல் எழுதிய நூலில், நீதிமன்றத்துக்கு வந்து நிற்கும் குழந்தை ஏற்கெனவே அடிபட்டது என்றார்கள். பெற்றோர் பிரிந்தாயிற்று, அல்லது இறந்தாயிற்று, அல்லது கைவிட்டாயிற்று. அதற்கு 'பெஸ்ட்' என்று ஒன்று இனி இல்லை. நீதிபதி தம் கையில் அந்தப் பொருள் இருப்பதுபோல எழுதுவது தம்மையே ஏமாற்றிக்கொள்வது. அதற்குப் பதிலாக 'கையிலிருக்கும் வழிகளில் மிகக் குறைவாகத் தீங்கு செய்வது' என்ற அளவுகோலை அவர்கள் முன்வைத்தார்கள். அப்படி எழுதினால் எந்தெந்த வழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதைப் பட்டியலிட்டே ஆக வேண்டும். குழந்தை நலக் குழுவின் முன்னால் வைக்கும் சமூக விசாரணை அறிக்கை அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும். பாட்டி வீடு எவ்வளவு தூரம், பள்ளி மாறுமா, உடன்பிறந்தவர்கள் சேர்ந்திருப்பார்களா, பிள்ளை எங்கே போகக் கேட்கிறது. இவற்றுக்கு விடை எழுதாமல் 'குழந்தையின் சிறந்த நலனுக்காக' என்ற ஒற்றை வரியோடு முடியும் உத்தரவு, காரணமே சொல்லாத உத்தரவுதான்.